மலையிடுக்கில் ஒரு நாள் நடை

பூமியில் பிரயாணம் செய்து படிப்பினை பெறுமாறு அல்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகின்றது. அத்தகைய படிப்பினை தரும் பாதையொன்று கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலே உண்டு. அதுவே சமாரியா மலையிடுக்கு.

கிரீட் நமது வரலாற்றுக்குப் புதிய இடமல்ல. கி.பி. 818இல் ஸ்பெயினின் குர்துபா நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒரு சாரார் அலெக்ஸாந்திரியா சென்றனர். பின்னர் 820களில் அபூ ஹஃப்ஸ் என்பவரின் தலைமையில் கிரீட்டை அடைந்தனர். 961 வரை அங்கு முஸ்லிம்களின் ஆட்சி நிலவியது. அவர்கள் அகழி வெட்டி அமைத்த 'அல் கந்தக்' நகரமே இன்றைய ஹெராக்லியோன்.

அதே ஸ்பெயினிலிருந்து பல நாடுகளைக் கடந்து கிரீட்டுக்கும் சைப்ரஸுக்கும் வரும் ஈ-4 என்ற நெடுந்தூர நடைபாதையின் ஒரு கட்டம்தான் சமாரியா. நீளம் சுமார் 16 கிலோ மீட்டர். 1,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் தொடங்கி, ஆற்றோடு சேர்ந்து கடற்கரை வரை இறங்குகின்றது. நடக்க ஐந்து முதல் ஏழு மணி நேரம் செல்லும். நடுவழியில் வரும் சமாரியா கிராமத்தில் இன்று குடிகள் இல்லை. 1962இல் இவ்விடம் தேசியப் பூங்காவானபோது அவர்கள் வெளியேறினர். அதற்கப்பால் 'இரும்பு வாசல்' எனப்படும் இடத்தில் இருபுறமும் சுமார் 300 மீட்டர் உயரப் பாறைச் சுவர்கள். இடைவெளியோ மூன்று நான்கு மீட்டர்தான்!

மலையுச்சியில் மழை பெய்தால் அந்த இடுக்கில் வெள்ளம் திடீரெனப் பாயும், ஒதுங்க இடமிராது. ஆகவே குளிர்காலம் முழுவதும் பாதையை மூடிவிடுகின்றனர். கோடையிலும் மழை அறிகுறி கண்டால் எவரையும் உள்ளே விடுவதில்லை. நுழையும்போது கொடுத்த டிக்கட்டை வெளியேறும்போது வாங்கி, யாரும் உள்ளே அகப்பட்டிருக்கவில்லை என்பதை உறுதி செய்கின்றனர். உள்ளே வாகனப் பாதை இல்லாததால், காயப்பட்டவரைக் கோவேறு கழுதையில்தான் ஏற்றி வருவார்கள்.

சகோதரிகளே! ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிச் சென்று, "அல்லாஹ் காப்பான்" என்று சொல்வது தவக்குல் ஆகாது.

விடுமுறையில் பிள்ளைகளுடன் ஆற்றுக்கும் நீர்வீழ்ச்சிக்கும் செல்வோர் இதை மனதில் கொள்ளுங்கள். பிடிமானமுள்ள சப்பாத்து, குடிநீர், தொழுகை விரிப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மார்க்கம் கூறும் தூரத்தைக் கடந்த பிரயாணியாயின், ளுஹரையும் அஸரையும் சுருக்கியும் சேர்த்தும் தொழும் சலுகையைப் பயன்படுத்துங்கள். நீங்கள் நிற்குமிடத்தில் வெயில் இருந்தாலும், மேலே மலையில் மேகம் கறுத்தால், தண்ணீர் கலங்கினால், உடனே பிள்ளைகளைக் கரையேற்றுங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று வீட்டார் தயங்கலாம். அந்த வேளையில் "திரும்புவோம்" என்று உறுதியாகச் சொல்லும் ஒரு தாயின் வார்த்தை, இன்ஷா அல்லாஹ், ஒரு குடும்பத்தையே காக்கும்.