படம் ஓடும் அறையில் 266 நெல் ரகங்கள்

கீழ்வேளூர் போன்ற கடைமடைப் பகுதிக்கு உப்புதான் தீராத தொல்லை. உவர் தாங்கும் பழைய நெல் ஒன்றுக்குக் களர்பாலை என்று பெயர். மண்ணின் குணம் பெயரிலேயே இருக்கிறது. அந்த நெல் போனால், எந்த மண்ணுக்கு எது என்ற கணக்கும் கூடவே போய்விடும்.

இந்த இழப்பை வீடியோவாக எடுத்தவர் டெல்லியைச் சேர்ந்த அமர் கன்வர். ஒடிசாவில் தொழிற்சாலைகளுக்காகக் கையகப்படுத்தவிருந்த நிலங்களை, அவை கைமாறும் முன்பே படம்பிடித்தார். ஓடும் நேரம் 42 நிமிடம். அசையும் புல், தண்ணீர், மரம், அவ்வளவுதான். தலைப்போ 'குற்றம் நடந்த இடம்' என்று பொருள்படும். 2012-ல் ஜெர்மனியின் காசெல் நகரக் கண்காட்சியில் இடம்பெற்ற அவரது 'தி சாவரின் ஃபாரஸ்ட்' தொகுப்பில், இந்தப் படத்தோடு 266 பாரம்பரிய நெல் ரகங்களும் வைக்கப்பட்டன. சாட்சியாக நெல்லையே நிறுத்தியது நல்ல யோசனை.

ஆனால், காட்சிக்கு வைத்த விதை நெடுநாள் உயிரோடு இராது. நம் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் வேறு வழி பிடித்தார். நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப்போனவர், மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018-ல் அவர் மறைவதற்குள் 174 ரகங்கள் மீண்டன.

வீட்டில் பழைய ரகம் வைத்திருப்பவர்கள் ஈரப்பதம் 13 சதவிகிதத்துக்கு மேல் போகாமல் காயவைத்துச் சேமிக்கவும். சம்பாவுக்கு முன் 100 விதையை ஈரச்சாக்கில் முளைகட்டி எண்ணுங்கள். 80-க்குக் குறைந்தால், இந்தப் பட்டத்திலேயே சிறு பாத்தியிலாவது விதைத்துப் புதுவிதை எடுத்துவிடுங்கள்.