கல்லாவும் இடுப்பு வலியும்

கல்லாவில் இருக்கும் நமக்கு இடுப்பு வலி புதிதல்ல. காலையில் உட்கார்ந்தால் கடை அடைக்கும் வரை நாற்காலிதான். டீயும் ரசவடையும் ஏத்தங்காய் உப்பேரியும் இருந்த இடத்துக்கே வரும். சரக்கு வரவைப் பைசா விடாமல் எழுதும் நாம், வயிற்றுக்குள் போகும் வரவை எழுதுவதில்லை.

மூன்று வருடங்கள் இந்த வலியோடு வியாபாரம் பார்த்தவன் நான். உயரம் 165 செ.மீ.; எடை 82 கிலோ. பெல்ட் கட்டினேன், தைலம் தேய்த்தேன், வலி மாத்திரையை மிட்டாய் போல விழுங்கினேன். ஒருநாள் லாரியில் இருந்து இறங்கிய மூட்டையைப் பார்க்கக் குனிந்தவன் நிமிர முடியவில்லை. இரண்டு பேர் தாங்கி வீட்டில் சேர்த்தார்கள். அதன் பிறகே மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் போனேன். "எடைக் குறைப்பும் பயிற்சியும் சேர்ந்தே நடக்கட்டும்" என்றார்கள்.

காரணம் எளிது. வலி வந்தால் அசையாமல் இருக்கிறோம். அசையாவிட்டால் முதுகுத் தசை தளரும், தொப்பை ஏறும். தொப்பை முன்னால் இழுக்க, இடுப்பில் பாரம் கூடி மறுபடியும் வலி. வட்டிக்கு வட்டி ஏறும் கடன்தான் இது. ஒல்லியானவர்களுக்கும் இடுப்பு வலி வருகிறது. பருமன் ஒன்றே காரணமல்ல. ஆனால் நாம் அடைக்கக்கூடிய கடன் அது.

ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 346 பேரிடம் நடந்த ஆய்வு 2025-ல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அத்துடன் எடை, உணவு, உடலுழைப்பு, தூக்கம், புகைப்பழக்கம் பற்றிய உதவியும் கிடைத்தது. ஆறு மாதத்தில் இரண்டாம் பிரிவினர் அன்றாட வேலைகளைச் சற்று எளிதாகச் செய்தார்கள். எடையும் சுமார் 1.6 கிலோ கூடுதலாகக் குறைந்தது. லாபம் சிறிதுதான், ஆனால் உண்மையான லாபம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சியையே பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நான் பெல்ட்டுக்குப் போட்ட பணம் வராக்கடன்தான்!

நான் செய்தது இவ்வளவே. விடியற்காலையில் பத்து நிமிடம் நடக்கத் தொடங்கி, இப்போது நாகராஜா கோயில் வரை போய்த் திரும்புகிறேன். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தும் பயிற்சி தினமும் உண்டு. அரை மணிக்கொரு தரம் கல்லாவை விட்டு எழுகிறேன். டீயில் சீனி இல்லை. சோறு பாதி, துவரன் இரண்டு பங்கு. எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. வலி அடியோடு போகவில்லை. ஆனால் இப்போது குனிந்தால் நிமிர முடிகிறது.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். காலில் பலம் குறைதல், மறைவிடத்தில் மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை, வலியோடு காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. நமக்கு உட்கார்ந்து வரும் வலி, நம் கடைப் பையன்களுக்கு நின்று வருகிறது. சுமை தூக்குபவருக்கு மூட்டையால் வருகிறது. பணியாளர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நான் விழுந்த அன்று என்னைத் தாங்கியவர்கள் அவர்கள்தான். என் கடையில் இப்போது இரண்டு ஸ்டூல் கூடுதலாகக் கிடக்கிறது. உங்கள் கடையிலும் போடுங்கள்.