உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால்…

வெயிலில் வரிசையில் நின்று பூத்துக்குள் போகிறீர்கள். அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்க ஓட்டு ஏற்கெனவே பதிவாயிடுச்சே" என்கிறார். உங்கள் விரலில் மையே இல்லை. பலர் இந்த இடத்தில் நாலு வார்த்தை சத்தம் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49பி என்று ஒன்று இருக்கிறது. 2018இல் 'சர்கார்' படம் வந்த பிறகு அந்த எண் ஊருக்கே தெரியும். ஓட்டு பறிபோனவர் அந்த விதிப்படி எப்படி ஓட்டுப் போடுவது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

முதலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் போய், "டெண்டர் ஓட்டு போடணும்" என்று கேளுங்கள். நீங்கள் நீங்கள்தானா என்று அறிய அவர் சில கேள்விகள் கேட்பார். பதில் சரியாக இருந்தால் 17பி என்ற படிவத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு வாக்குச்சீட்டைத் தருவார். ஆமாம், காகிதச் சீட்டு. இயந்திரத்தில் பட்டனை அழுத்த விடமாட்டார்கள். மறைவிடத்தில் சின்னத்துக்கு நேரே முத்திரை குத்தி, மடித்துக் கொடுத்தால், அதற்கென்று வைத்திருக்கும் தனி உறையில் போடுவார்.

எண்ணிக்கை நாளில் அந்த உறையைப் பிரிக்கமாட்டார்கள். "அப்புறம் எதுக்கு இந்த வேலை?" என்பீர்கள். இயந்திரத்துக்குள் போன ஓட்டில் கள்ள ஓட்டு எது என்று பிரித்தெடுக்க அன்றைக்கு வழியில்லை. உங்கள் சீட்டையும் சேர்த்து எண்ணினால் ஒரே பெயரில் இரண்டு ஓட்டு ஆகிவிடும். அதனால் சட்டம் அதைச் சாட்சியாகப் பத்திரப்படுத்துகிறது. முடிவு வந்து 45 நாளுக்குள் வேட்பாளரோ வாக்காளரோ உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். வித்தியாசம் சொற்பமாக இருந்தால் உறைக்கு உயிர் வரும். ராஜஸ்தானின் நாத்வாரா தொகுதியில் 2008இல் சி.பி. ஜோஷி வாங்கியது 62,215, ஜெயித்தவர் 62,216. அங்கே விழுந்த டெண்டர் ஓட்டுகளை எடுத்துப் பார்க்கலாமா என்ற வாதம் 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

தேர்தல் நெருங்கினாலே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: 'டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு.' அப்படி எந்த விதியும் கிடையாது. இயந்திரம் பழுதானால், பூத்தைக் கைப்பற்றினால், நடைமுறையில் பெரிய தவறு நேர்ந்தால் மறுவாக்குப்பதிவு நடக்கலாம். அதை முடிவு செய்வது தேர்தல் ஆணையம். அதே செய்தியில், 'பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு போடலாம்' என்றும் இருக்கும். அதுவும் பொய். பட்டியலில் பெயர் இல்லையென்றால் எந்த அட்டையும் உதவாது. தேர்தலுக்கு முன்பே படிவம் 6 கொடுத்துப் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும்.

உண்மையான சேலஞ்ச் வேறு. அது பூத் ஏஜென்ட் கையில் இருக்கிறது. வந்தவர் அந்த ஆள் இல்லை என்று சந்தேகம் வந்தால், ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆள்மாறாட்டம் உறுதியானால் வந்தவரைப் போலீசில் ஒப்படைப்பார். ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. வீம்புக்குச் செய்த ஆட்சேபம் என்று தெரிந்தால் 2 ரூபாய் போனதுதான்.

கள்ள ஓட்டு விழுவதற்கு முன்னால் தடுப்பது இந்த 2 ரூபாய். விழுந்த பிறகு அதற்கு எழுத்தில் அத்தாட்சி வைப்பது 17பி. வாசலில் போட்ட சத்தத்தை எந்த நீதிபதியும் கேட்கப்போவதில்லை. படிவத்தில் போட்ட கையெழுத்தைப் பார்ப்பார்.