மரபணுவில் பிழை இல்லை... ஆனாலும் விரல்கள் ஒட்டிப் பிறப்பது ஏன்? டிஎன்ஏ மடிப்பு சொல்லும் பதில்

நம் உடலின் ஒரே ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர் நீளம் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவோ, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். சும்மா திணித்து வைத்தால் போதாது. தேவையான மரபணு தேவையான நேரத்தில் கிடைக்கவும் வேண்டும். இந்த ஒழுங்கு கலைந்தால் என்ன ஆகும்?

எப்படிச் சுருட்டப்படுகிறது?

ஹிஸ்டோன் புரதங்கள் 8 சேர்ந்தால் ஒரு உருண்டை. அதன் மேல் 147 எழுத்து நீள டிஎன்ஏ ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொள்கிறது. மணிமாலை மாதிரி இப்படிக் கோடிக்கணக்கான உருண்டைகள்.

இறுக்கமாகச் சுருண்ட இடத்தில் இருக்கும் மரபணு பெரும்பாலும் 'ஆஃப்'. ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற சின்ன ரசாயனக் குறி ஒட்டினால் பிடி தளரும். மரபணு 'ஆன்' ஆக வழி கிடைக்கும். ஒரே டிஎன்ஏவை வைத்துக்கொண்டு கண் செல்லும் கல்லீரல் செல்லும் வேறு வேறு வேலை பார்ப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

வேலி போடுவது யார்?

கொஹீசின் என்ற மோதிர வடிவப் புரதம் டிஎன்ஏவை இழுத்து இழுத்து வளையமாக்கும். சிடிசிஎஃப் என்ற இன்னொரு புரதம் உட்கார்ந்திருக்கும் இடம் வந்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். அதுதான் எல்லை. ஒரு வளையத்துக்குள் இருக்கும் ஸ்விட்ச், பொதுவாக அந்த வளையத்தின் மரபணுக்களை மட்டுமே இயக்கும். செல் பிரியும்போது இந்த வளையங்கள் கலைந்துவிடும். பிரிந்து முடிந்த சில மணி நேரத்தில் மறுபடி அதே இடங்களில் உருவாகும்.

விரல்களில் நடந்தது என்ன?

பெர்லின் மேக்ஸ் பிளாங்க் நிறுவன விஞ்ஞானிகள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. விரல்கள் ஒட்டிப் பிறந்த சில குடும்பங்களில், டிஎன்ஏவின் ஒரு பெரிய பகுதி தலைகீழாகத் திரும்பியோ இரட்டிப்பாகியோ இருந்தது. இதனால் எல்லை குலைந்து, எபா4 என்ற மரபணுவுக்கான ஸ்விட்ச், வின்ட்6 என்ற வேறொரு மரபணுவை இயக்கியது. நம்ம வீட்டு ஸ்விட்சைப் போட்டால் பக்கத்து வீட்டு ஃபேன் சுற்றுவது மாதிரி! வின்ட்6 மரபணுவின் எழுத்துகளில் கோளாறு எதுவும் இல்லை. தவறான இடத்தில் 'ஆன்' ஆனதுதான் சிக்கல்.

இதே பகுதியில் இன்னொரு மாற்றம் விரல்களைக் குட்டையாக்கியது. எலிகளில் அதைக் கிரிஸ்பர் முறையில் உருவாக்கியபோதும் விரல்கள் குட்டையாயின. எல்லையை மட்டும் விட்டுவைத்து நீக்கிய எலிகளுக்கோ விரல்கள் இயல்பாக இருந்தன.

இது ஏன் முக்கியம்?

புரதம் தயாரிக்கும் குறிப்பு நம் டிஎன்ஏவில் சுமார் 2 சதவீதம்தான். அதை மட்டும் படிக்கும் மரபணுப் பரிசோதனையில் இதுபோன்ற எல்லைக் கோளாறு சிக்காமல் போகலாம். 'ரிப்போர்ட் நார்மல்' என்று வந்தாலும், காரணம் மடிப்பில் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு.