கெடெட் அதிகாரியாக விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும்

அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குத் தியத்தலாவை முகாம் புதிதல்ல. பஸ்ஸில் போகும்போது மலைச்சரிவில் வெள்ளையாகத் தெரியும் நரி உருவத்தைப் பிள்ளைகளுக்குக் கை நீட்டிக் காட்டாத ஆள் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்தில் 'பொக்ஸ்' என்ற போர்க்கப்பலின் ஆட்கள் அமைத்த அடையாளம் அது. அதற்கும் முன்னே, 1900ஆம் ஆண்டில், தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போவர் யுத்தக் கைதிகளை வைப்பதற்காகத்தான் அங்கே பெரிய முகாம் எழும்பியது. 1968இல் அதே இடத்தில் இராணுவ அதிகாரிகளைப் பயிற்றும் பாடசாலை ஆரம்பமானது. அதுவரை சாண்ட்ஹர்ஸ்ட் போன்ற வெளிநாட்டுக் கலாசாலைகளுக்கே நம் நாட்டு இளைஞர்களை அனுப்பினார்கள்.

"அதெல்லாம் நமக்கு எதுக்குங்க? ஆமிக்காரன் வேலை நம்ம பிள்ளைக்கு ஒத்து வருமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. 1983இல் நடந்ததை நேரில் கண்ட பெரியவர்கள் லயத்தில் இன்னும் இருக்கிறார்கள். அடையாள அட்டை கையில் இல்லாமல் கொழும்பில் பிடிபட்டு, பல நாள் பொலிஸில் இருந்து வந்த பையன்களின் கதையும் நமக்குத் தெரியும். யுத்தம் 2009இல் முடிந்தாலும் தாய்மாரின் பயம் அதே திகதியில் முடிந்துவிடவில்லை. ஆகவே, போ என்றோ போகாதே என்றோ சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. உயர்தரத்தில் நல்லாச் செய்து, விரும்பிப் போக நினைக்கும் ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ, ஒரு பிழையான எழுத்துக்காகவும் பிந்தி வந்த கடிதத்துக்காகவும் தடைபட்டு நிற்கக் கூடாது. அதுதான் நோக்கம்.

சிப்பாய் வேறு, கெடெட் அதிகாரி வேறு

நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம். சிப்பாயாகச் சேருவதற்கு ஒரு வழி. அதிகாரியாவதற்கு வேறு வழி. அதிகாரியாக விரும்பும் பிள்ளை முதலில் 'கெடெட்' ஆகத் தெரிவு செய்யப்பட வேண்டும். பயிற்சி முடிந்த பிறகே அதிகாரிப் பதவி கிடைக்கும்.

பாடசாலை முடித்த பிள்ளைக்கு இதில் இரண்டு முக்கியமான பாதைகள் உண்டு. ஒன்று, முப்படைகளும் தாங்களே அறிவித்தல் விட்டு, உயர்தரம் சித்தியடைந்தவர்களை நேரடியாகத் தங்கள் பயிற்சிக்கு எடுப்பது. தரைப்படைக்குத் தியத்தலாவை, கடற்படைக்குத் திருகோணமலை, விமானப்படைக்குச் சீனக்குடா. மற்றது, இரத்மலானையில் இருக்கும் ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். நாட்டின் மூன்றாவது பிரதமராக இருந்த சேர் ஜோன் கொத்தலாவல தமது கந்தவல வளவை இதற்காகக் கொடுத்தார். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கலாசாலையாக இயங்கிய அது 2007இல் இன்றைய பெயரைப் பெற்றது. இங்கே கெடெட் பிள்ளை முதலில் பட்டப்படிப்பை முடிக்கிறது. பொறியியல், மருத்துவம், சட்டம், முகாமைத்துவம் என்று பல துறைகள் உண்டு. அதற்குப் பிறகு தனது படையின் பயிற்சிக் கலாசாலைக்குப் போகிறது.

ஒரு விஷயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். அதே பல்கலைக்கழகத்தில் காசு கட்டிப் படிக்கும் சாதாரண மாணவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டணத்தைக் கேட்டு, "நம்மளால முடியாது" என்று விட்டவர்கள் உண்டு. கெடெட் பிள்ளைக்கு அந்தக் கணக்கு இல்லை. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், சீருடை எல்லாம் அரசாங்கத்தின் செலவு. மாதக் கொடுப்பனவும் உண்டு. விண்ணப்பம் நிரப்பும்போது எந்தப் பிரிவுக்கு நிரப்புகிறோம் என்று இரண்டு தடவை பாருங்கள்.

இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும், திருமணமாகியிருக்கக் கூடாது, அறிவித்தலில் போட்டிருக்கும் திகதிக்கு வயது எல்லைக்குள் இருக்க வேண்டும். இவை அடிப்படை. உயரம், நிறை, மார்பளவு, எந்தப் பாடத்தில் எத்தனை சித்தி என்பவை படைக்குப் படையும் துறைக்குத் துறையும் மாறும். சில வருடங்களில் அவற்றையே மாற்றியும் விடுவார்கள். போன வருடத்துத் துண்டைப் பார்த்து இந்த வருடம் விண்ணப்பிக்க வேண்டாம். எந்த இனம் என்பது தகுதிக்கான நிபந்தனை அல்ல. பிறப்புச் சான்றிதழில் 'இந்தியத் தமிழர்' என்று இருப்பதால் தள்ளிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1948இல் பறிபோன குடியுரிமைப் பிரச்சினை 1964, 1988 என்று இழுபட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒரு முடிவுக்கு வந்தது. தாத்தாவின் பழைய கடதாசிகளைத் தேடிக்கொண்டு பிள்ளை அலைய வேண்டிய காலம் போய்விட்டது.

காகிதங்கள்

ஆனால் பிள்ளையின் சொந்தக் கடதாசிகள் இருக்கின்றனவே, நமது தோட்டங்களில் அதிகம் பேர் விழுவது அங்கேதான்.

முன்பு தோட்டத்துப் பிறப்புகளைத் தோட்ட நிருவாகத்தின் மூலம் பதிகிற வழக்கம் இருந்தது. தகப்பன் வாயால் சொன்னதை ஒருவர் எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் வேறு மொழியில் எழுத, 'இராமையா' ஓரிடத்தில் 'ராமய்யா' ஆகிவிடும். 'செல்வராணி' வேறிடத்தில் 'செல்லராணி'. பாடசாலையில் சேர்க்கும்போது ஆசிரியர் தமக்குச் சரி என்று பட்டதை எழுதுகிறார். சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழில் அது அப்படியே ஏறுகிறது. அடையாள அட்டையில் மூன்றாவது விதம். வீட்டில் இதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, கூப்பிடுகிற பெயர் ஒன்றுதானே! நேர்முகப் பரீட்சை மேசையில் மூன்று கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் சிக்கல். படையில் சேரும் பிள்ளையின் பின்னணியை விசாரித்துப் பார்ப்பார்கள். பெயர் மாறினால் ஆளே வேறோ என்ற சந்தேகம் வரும்.

ஆகவே பிள்ளை பத்தாம் ஆண்டு படிக்கும்போதே இதைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்து, பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் ஆகியவற்றை மற்றக் கடதாசிகளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தகப்பனின் அடையாள அட்டையையும் சேர்த்து வையுங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்குப் போக வேண்டும். திருத்தம் ஒரே நாளில் நடக்காது. மாதக் கணக்கில் இழுபடும். பிறப்பே பதியப்படாத பிள்ளைக்குப் பிந்திய பதிவு செய்ய வழி இருக்கிறது. சமாதான நீதவான் முன்னால் கொடுக்கும் சத்தியக்கடதாசி சின்ன வித்தியாசங்களுக்குச் சில இடங்களில் உதவும். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஓடினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடையாள அட்டை பதினைந்து வயது நிறைந்தவுடன் எடுக்கலாம். பாடசாலையில் படிக்கும் பிள்ளையின் விண்ணப்பத்தை அதிபர் அத்தாட்சிப்படுத்துவார். பாடசாலையை விட்டு விலகித் தோட்டத்தில் இருப்பவருக்குத் தோட்ட அதிகாரி. பெரட்டுக்கு நின்று, துரையைச் சந்திக்க நேரம் பார்த்து, அரை நாள் பேரை இழந்துதான் இதைச் செய்ய வேண்டியிருக்கிறது என்பது தெரியும். பாடசாலையில் இருக்கும்போதே முடித்துக்கொண்டால் அந்த அரை நாள் மிச்சம்.

இனி முகவரி. லயத்துக்கு இலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை. ஒரே டிவிசனில் மூன்று 'எஸ். குமார்' இருப்பார்கள். தோட்டக் காரியாலயத்துக்கு வந்த கடிதம் கட்டோடு கிடந்து, நேர்முகப் பரீட்சைத் திகதி கழிந்த பிறகு கைக்குக் கிடைத்த கதை எத்தனையோ உண்டு. விண்ணப்பத்தில் தகப்பனின் முழுப் பெயர், டிவிசன், தோட்டம், தபாலகம் எல்லாம் எழுதுங்கள். நம்பிக்கையான டவுன் கடைக்காரரோ உறவினரோ இருந்தால், கடிதத் தொடர்புக்கு அவர் முகவரியைக் கேட்டு வாங்கிப் போடலாம். இப்போது பெரும்பாலும் இணையத்தளத்தில்தான் நிரப்பச் சொல்கிறார்கள். கொமியூனிகேஷன் கடையில் நிரப்பினால், கடைக்காரத் தம்பியின் தொலைபேசி எண்ணும் ஈமெயிலும் உங்கள் விண்ணப்பத்தில் ஏறிவிடாமல் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

உடம்பு

மலை ஏறி இறங்கிப் பழகிய காலுக்குப் பலம் உண்டு. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தெரிவில் ஓடச் சொல்வது சமதரையில், நேரம் பார்த்து. பாடசாலை மைதானத்தில் காலையில் ஓடிப் பழக வேண்டும். முதல் மாதம் மெதுவாக, மூச்சு வாங்காத அளவுக்கு. பிறகு தூரத்தைக் கூட்டி, அதற்குப் பிறகுதான் வேகம். தண்டால் எடுப்பதும், குழாயைப் பிடித்துத் தொங்கித் தாடை வரை உடம்பைத் தூக்குவதும் ஒரே மாதத்தில் வருகிற வித்தை அல்ல. குறைந்தது ஆறு மாதம் கொடுங்கள். இன்னொன்று: நுவரெலியாக் குளிரில் வளர்ந்த பிள்ளை இரத்மலானைப் புழுக்கத்தில் ஓடும்போது அரைவாசியில் தலை சுற்றும். முதல் நாளே போய்ச் சேர்ந்து, தண்ணீர் குடித்து, நல்லாத் தூங்கிவிட்டுப் போவது புத்தி. இரவு பஸ்ஸில் நின்றுகொண்டு போய் விடியற்காலையில் ஓட வேண்டாம்.

வைத்தியப் பரிசோதனையில் கண், காது, பல், பாதம், இரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். நிறக்குருடு இருக்கிறதா என்று புள்ளிப் படங்களைக் காட்டிக் கேட்பார்கள். அது பிறவியிலேயே வருவது, மருந்தில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் முன்கூட்டியே பார்த்துவிட்டால், இருபது வயதில் மனம் உடைவதைத் தவிர்க்கலாம். சொத்தைப் பல்லையும் இரத்தக் குறைவையும் சரிசெய்யலாம். அதற்கும் நேரம் வேணும்.

உயரம் மட்டும் வேறு விதம். 2016ஆம் ஆண்டு எடுத்த நாடளாவிய சுகாதார மதிப்பாய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் முழு நாட்டிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேரளவில். முதல் இரண்டு வயதில் இழந்த உயரத்தைப் பதினெட்டு வயதில் எந்த மாவும் எந்த டொனிக்கும் திருப்பித் தராது. கடையில் விற்கிற 'உயரம் வளர்க்கும்' பவுடருக்குக் காசைக் கொட்டாதீர்கள். கர்ப்பிணித் தாயின் சாப்பாடும், பிள்ளை மடுவத்தில் இருக்கிற குழந்தையின் முட்டையும் பருப்பும் கீரையும்தான் அந்த அளவுகோலில் ஏறுகின்றன. சொல்லக் கசப்பாக இருந்தாலும் உண்மை இது.

மொழியும் நேர்முகமும்

பல்கலைக்கழகத்தில் படிப்பு ஆங்கிலத்தில். பயிற்சி மைதானத்தில் சிங்களம் இல்லாமல் முடியாது. தமிழ்மொழிப் பாடசாலையில் படித்த பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. ஒளித்துப் பேசிப் பயனில்லை. சாதாரண தரம் முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைக்கிற மாதங்களை இதற்குப் பயன்படுத்தலாம். சிங்களம் பேசும் அயல் பிள்ளைகளோடு பந்து விளையாடிக் கற்ற சிங்களம், புத்தகச் சிங்களத்தை விடச் சீக்கிரம் நாக்கில் நிற்கும்.

விளையாட்டு, சாரணர், மாணவர் தலைவர், பாடசாலைக் கெடெட் குழு போன்றவற்றின் சான்றிதழ்களைப் பார்ப்பார்கள். பாடசாலைக் கெடெட் இயக்கம் இந்த நாட்டில் 1881இலேயே கொழும்பில் ஆரம்பமானது. நமது தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் அது எட்டிப் பார்த்ததே இல்லை. அதனால் இருப்பதைச் சேருங்கள். கோட்ட மட்டத்தில் ஓடி வாங்கிய சின்னச் சான்றிதழ்கூட கோப்பில் இருக்கட்டும்.

"தகப்பனார் என்ன தொழில்?" என்று கேட்டால், "தோட்டத் தொழிலாளி, சேர்" என்று நேராகச் சொல்லலாம். சில பிள்ளைகள் வெட்கப்பட்டு 'கம்பனியில் வேலை' என்கிறார்கள். அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள். ஏன் இந்த வேலைக்கு வருகிறாய் என்று நிச்சயம் கேட்பார்கள். மனப்பாடம் செய்த பதில் அங்கே எடுபடாது.

கையெழுத்துப் போடுமுன்

தெரிவானால் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். குறித்த காலம் சேவை செய்ய வேண்டும், இடையில் விட்டால் அரசாங்கம் செலவழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். பிணையாளர் கேட்டால், சம்பளமோ சொத்தோ காட்டக்கூடிய ஆள் லயத்தில் கிடைப்பது கஷ்டம். பாடசாலை ஆசிரியர், அரசாங்க வேலையிலுள்ள உறவினர் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். விளங்காத மொழியில் இருந்தால் விளங்கியவரை வைத்து வாசித்துக் கேட்ட பிறகே தாய் தகப்பன் கையெழுத்திட வேண்டும்.

"மேலிடத்தில் ஆள் இருக்கு, எடுத்துத் தாறேன்" என்று காசு கேட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். விண்ணப்பக் கட்டணம் இருந்தால் அறிவித்தலிலேயே போட்டிருக்கும், ரசீதும் கிடைக்கும். கையில் காசு கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்களுக்கு நகையும் வரவில்லை, வேலையும் வரவில்லை.

இதற்கு விண்ணப்பித்துவிட்டோம் என்று மற்ற வாசல்களை மூடிவிடவும் கூடாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான விண்ணப்பத்தையும், கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்தையும் அந்தந்தத் திகதிக்குள் அனுப்புங்கள். தபாலில் அனுப்புவதென்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். அந்த உறை கூரை ஒழுகாத பக்கத்தில் இருக்கட்டும்.