சபை ஆபீஸை நனையாமல் காப்பது எப்படி? கடலூர், சிதம்பரம் சபைகளுக்கு ஒரு செல்போன் கையேடு!

பழைய பதிவேடு, வாட்ஸ்அப் குழு, காணிக்கைக் கணக்கு, புயல் நேரத்துப் போன் நம்பர்... செலவில்லாமல் ஒழுங்குபடுத்த எளிய வழிகள்

பாஸ்போர்ட் எடுக்க, வெளிநாட்டு விசாவுக்கு, சொத்துப் பிரிக்க, வேறு ஊர் சபையில் கல்யாணம் வைக்க... வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் ஞானஸ்நானச் சான்றிதழோ, பெற்றோரின் திருமணச் சான்றிதழோ தேவைப்படுகிறது. அதற்காகச் சபை ஆபீஸுக்குப் போனால், பெரும்பாலும் இரும்பு பீரோவிலிருந்து ஒரு தடித்த நோட்டு வெளியே வரும். உங்கள் பெயர் அதில் இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் கிழியாமல், கரையான் அரிக்காமல், தண்ணீர் படாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கடலூர் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம் கடலூர். கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் பெயரிலும் புதுவையோடு கடலூர் சேர்ந்திருக்கிறது. இவை தவிர சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகள் என்று சிறியதும் பெரியதுமாக நிறைய. இவற்றில் சம்பளத்துக்கு கிளார்க் வைக்க வசதியுள்ளவை சிலதான். மற்ற இடங்களில் போதகரும், செயலரும், கணினி தெரிந்த ஓர் இளைஞரும்தான் மொத்த ஆபீஸ்!

'பேக்கப்' புது விஷயமல்ல!

1737இல் எஸ்.பி.சி.கே. சங்கத்தின் ஆதரவோடு கடலூரில் மிஷன் தொடங்கியது. 1740இல் வந்த கிர்னாண்டர் என்ற சுவீடன் நாட்டு ஊழியர், 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்தபோது ஊரைவிட்டு வெளியேறி கல்கத்தாவுக்குப் போனார். அந்தக் காலத்துக் கடலூர் சபை எப்படி இருந்தது என்று இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. காரணம், இங்கிருந்து எழுதிய அறிக்கைகள் ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போய், அங்கே அச்சானதுதான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகளின் நகல்களும் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. திருமணத்தைப் பதிவு செய்வதோடு நிற்காமல், அதன் விவரம் அரசுக்கும் போய்ச்சேர வேண்டும். ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்து என்பதை அவர்கள் அன்றே புரிந்துவைத்திருந்தார்கள்.

முதல் வேலை: பதிவேட்டைப் படம் எடுங்கள்

ஸ்கேனர் வாங்கத் தேவையில்லை. நல்ல கேமரா உள்ள ஒரு செல்போன் போதும்.

* ஜன்னல் பக்கம் மேஜையைப் போடுங்கள். நேர் வெயில் வேண்டாம், ஃப்ளாஷும் வேண்டாம். போனை நோட்டுக்கு நேர் மேலே பிடித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு படம் எடுங்கள்.
* வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். பிறகு யாரும் 'நடுவில் பக்கம் காணோம்' என்று சொல்ல முடியாது.
* கோப்புக்குப் பெயர் முக்கியம். 'ஞானஸ்நானம்-1962-பக்கம்-014' என்று வைத்தால் பத்து வருஷம் கழித்தும் தேடி எடுக்கலாம்.
* படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது நேரடியாக கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். ஒரு கணக்குக்கு 15 ஜி.பி. வரை இலவசம்.
* மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்று டிரைவில், ஒன்று ஆபீஸ் ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று கடற்கரையைவிட்டுத் தள்ளி வேறு ஊரில்.

கிழிந்த பக்கத்தை செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். டேப்பின் பசை நாளடைவில் காகிதத்தையே அரித்துவிடும். இன்னொன்று, படம் எடுத்துவிட்டோமே என்று அசல் நோட்டை அலட்சியமாக வைத்துவிடக் கூடாது. கையெழுத்துள்ள அசலுக்குத்தான் சட்ட மதிப்பு அதிகம்.

ஒரே பட்டியல், ஒரே எழுத்துரு

செயலரிடம் ஒரு லிஸ்ட், பொருளாளரிடம் சந்தா நோட்டு, பெண்கள் ஐக்கியத்தில் வேறொரு லிஸ்ட். இந்த மூன்றும் ஒத்துப்போகாததுதான் பாதிப் பிரச்னைக்குக் காரணம். ஒரே ஒரு கூகுள் ஷீட் அல்லது எக்ஸெல் கோப்பு போதும். குடும்ப எண், குடும்பத் தலைவர், உறுப்பினர்கள், பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணத் தேதி, தெரு, போன், ரத்த வகை என்று பத்துப் பத்தியில் முடிந்துவிடும். எல்லோரும் பார்க்கலாம், ஆனால் திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும்.

பழைய கணினிக் கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருந்தால், இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. தட்டச்சு தெரியாத பெரியவர்கள், ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழில் பேசியே பெயர்களை ஏற்றலாம்.

ஆயிரம் குடும்பங்களுக்கு மேல் உள்ள பெரிய சபை என்றால், 'சர்ச் சி.ஆர்.எம்.' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆராதனையில் பாட்டு வரிகளைத் திரையில் காட்ட 'ஓப்பன் எல்.பி.' இருக்கிறது. ஆனால் இவற்றை நிறுவிப் பராமரிக்கக் கணினி தெரிந்த ஓர் ஆள் நிரந்தரமாக வேண்டும். அவர் வேலை கிடைத்து சென்னைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்தில் வேறொரு சிக்கல். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருகிறவர்கள் சில வருஷம் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுக்குத் தனி ஷீட் வையுங்கள். சொந்த ஊர்ச் சபை, வீட்டு போன் நம்பர், படிப்பு முடியும் வருடம் என்று மூன்று விவரம் இருந்தாலே போதும். ஒரு மாணவர் காய்ச்சலில் விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தவிக்க வேண்டியிருக்காது.

வாட்ஸ்அப்: இரண்டு குழு போதும்!

ஒரு குழுவில் நிர்வாகிகள் மட்டும் செய்தி போடும்படி அமைத்துவிடுங்கள். ஆராதனை நேரம், ஓலை வாசிப்பு, அடக்க ஆராதனை எல்லாம் அதில் மட்டும். 'குட்மார்னிங்' படங்களுக்கும் ஜெப விண்ணப்பங்களுக்கும் இன்னொரு குழு. இரண்டையும் கலந்தால், இறப்புச் செய்தி பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே காணாமல் போகும். அறுப்பின் பண்டிகை அசனத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று அறிய 'போல்' வசதியைப் பயன்படுத்தலாம். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டி, தாத்தாக்களுக்குத் தெருவாரியாக ஒருவர் போன் செய்து சொல்ல வேண்டும். அதற்கு மாற்று எந்த ஆப்பிலும் இல்லை.

காணிக்கை: சந்தேகத்துக்கு இடம் வைக்காதீர்கள்

காணிக்கைப் பையை ஒருவரே எண்ணக் கூடாது. உறவினரல்லாத இரண்டு பேர் அன்றைக்கே எண்ணி, நோட்டு வாரியாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை பணம் வங்கிக்குப் போய்விட வேண்டும். க்யூ.ஆர். கோடு சபையின் வங்கிக் கணக்கோடு இணைந்ததாக இருக்கட்டும். யாருடைய சொந்த நம்பரும் வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்! மாத வரவு செலவை ஒரு பக்கத்தில் அச்சிட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், பாதி வதந்தி அங்கேயே அடங்கிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் கூடுதல் கவனம் தேவை. துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பளத்திலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் சிக்கலில்லை. அதே குடும்பத்தில் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், அவரிடம் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின்கீழ் வரும். அனுமதி பெற்ற அமைப்பு மட்டுமே வாங்கலாம். அதையும் டெல்லியில் உள்ள எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் பெற வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் க்யூ.ஆர். படத்தை அங்கே ஃபார்வேர்டு செய்யாதீர்கள்.

புயலும் பண்டிகையும் ஒரே மாதத்தில்

2004 சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் வந்தது 2024 நவம்பர் 30 இரவு. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் ஆற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின. சபை ஆபீஸ் ஆண்டிலேயே அதிகம் பரபரப்பாக இருக்கும் மாதத்தில்தான் நம் கடற்கரைக்கும் ஆபத்து வருகிறது.

எனவே அக்டோபர் முதல் வாரத்திலேயே இவற்றைச் செய்துவிடுங்கள்:

* தனியாக வாழும் முதியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் எடுப்பவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் பட்டியலைப் புதுப்பியுங்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்துத் தெருவில் ஒரு பொறுப்பாளர்.
* அதைக் காகிதத்தில் அச்சிடுங்கள். தானே புயலுக்குப் பிறகு பல நாள் கரன்ட் இல்லை. சார்ஜ் தீர்ந்த போனுக்குள் இருக்கும் பட்டியல் யாருக்கும் உதவாது.
* பதிவேடுகளைத் தரையிலிருந்து உயரமான தட்டில், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.
* கல்லறைத் தோட்டத்துக்கு வரிசை எண் போட்டு ஒரு வரைபடம் தயாரியுங்கள். வெள்ளத்தில் சிலுவை சாய்ந்தாலும் யாருடைய இடம் எது என்று தெரியும்.

எதைப் பொதுவில் போடக் கூடாது?

பட்டியல் கையில் இருப்பது ஒரு பொறுப்பு. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டமே வந்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. ஓய்வுநாள் பள்ளிக் குழந்தைகளின் படம், போன் நம்பர், ஒருவரின் நோய் விவரம், யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார் என்பதெல்லாம் பொதுக் குழுவில் வரக் கூடாது. ஜெபத்துக்காக என்றாலும், நோயின் பெயரைப் போடும் முன் அந்தக் குடும்பத்தைக் கேட்டுவிடுங்கள்.

புதுமணத் தம்பதிகளுக்கு ஒரு நினைவூட்டல்: எந்த மதத் திருமணமாக இருந்தாலும் 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம். திருமணம் முடிந்த கையோடு இதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு அலைய வேண்டியிருக்காது.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முயன்றால் எதுவும் நடக்காது. நான்கு ஞாயிறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் இரண்டு இளைஞர்கள் மிகப் பழைய நோட்டைப் படம் எடுக்கட்டும். இரண்டாவது ஞாயிறு, குடும்பப் பட்டியல். மூன்றாவது ஞாயிறு, காணிக்கை எண்ணும் முறை. நான்காவது ஞாயிறு, முதியவர்கள் பட்டியல். பழைய கையெழுத்தைப் படிக்க வயதானவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டில் உள்ள பெயர்களில் பாதிப் பேரை அவர்களுக்குத்தான் தெரியும்.


கோயில், பள்ளிவாசல், குடியிருப்போர் சங்கம் என்று ஊருக்கான நோட்டு எங்கே இருந்தாலும் இதே முறை பொருந்தும். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பழைய பதிவேடு இருந்தால், மழைக்காலம் வருமுன் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள்.