போர்டும் பலகையும்

'போர்டு' என்னும் இங்கிலீஷ் பதத்தை நம்மவர் நாள்தோறும் வழங்குகின்றனர். அதன் மூலப்பொருள் யாது? வெறும் பலகையே. பலகையினின்று மேஜைக்கும், மேஜையினின்று அதைச் சூழ்ந்திருந்து ஆலோசிக்கும் சபைக்கும் அப்பெயர் சென்றது.

நமக்கும் இது புதிதன்று. தகுதியுடையோர்க்கே மதுரைச் சங்கப்பலகை இடந்தந்ததென்பர். கி.பி. 921-ஆம் ஆண்டின் உத்திரமேரூர்ச் சாஸனம், குடவோலையால் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் தேர்ந்த முறையை உரைக்கின்றது. ஆயினும் நிலமும் கல்வியும் உடையோர்க்கே அங்கு இடம் கிட்டிற்று.

1884-ஆம் வருஷத்துச் சட்டத்தால் சென்னை ராஜதானியில் ஜில்லா போர்டுகள் அமைந்தன. தலைமை ஸ்தானத்திலோ கலெக்டர் துரை அமர்ந்தார். மேஜை வந்தது, அதிகாரம் ஜனங்களிடம் வரவில்லை.

கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலையின் வரலாறு இதனினும் பரிதாபமானது. 1947-இல் தேசம் விடுதலை பெற்றது. அம்மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரோ அதன் பின்னும் ஜாகீர்தார்களின் பிடியிலேயே இருந்தனர். அவ்வாட்சி ஒழிந்தது 1976-இல்! சுதந்திரம் மலையேறுவதற்கு இருபத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மலைக்கெனத் தனி ஊராட்சி ஒன்றியமும் உண்டு. ஆபீஸ் வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகையையும் நம் ஜனங்கள் 'போர்டு' என்றே சொல்லுகிறார்கள். அது போதுமா? வாயிலில் தொங்கும் பலகை விளம்பரம். குடிகள் சூழ்ந்தமரும் பலகையே ஆட்சி. மலைவாழ் சகோதரர்கள் அதில் தம் ஸ்தானத்தை உரிமையுடன் கேட்பாராக! சமவெளியிலுள்ள நாம் சற்று ஒதுங்கி இடங்கொடுப்போமாக!